குறிப்பில் ஏறாத ஓடை

தாமோதரன் தன் வாழ்நாளில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னது ஒரே ஒரு தடவைதான். சத்தியம் செய்யாமல் சொன்ன பொய்களை யாரும் எண்ணவில்லை; அவரும் எண்ணவில்லை. மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே கடலோரமாக இருக்கிற ஆலிக்குப்பத்தில் இருபத்திரண்டு வருடம் தலையாரியாக இருந்தவருக்கு அது உத்தியோகத்தில் ஒரு பங்கு. தாசில்தார் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று ‘ஐயா கேம்ப் போயிருக்காரு’ என்று சொல்ல வேண்டும். வறட்சி பார்க்க வருகிறவர்களைக் காய்ந்த வயல் பக்கமாகவும், வெள்ளம் பார்க்க வருகிறவர்களை முழங்கால் தண்ணீர் நிற்கிற தெருப் பக்கமாகவும் கூட்டிப்போக வேண்டும். அரசாங்கம் பிற்பாடு அந்த வேலைக்குக் கிராம உதவியாளர் என்று மரியாதையாகப் பெயர் சூட்டியது. பெயர்தான் மாறியது, நிற்கிற இடம் மாறவில்லை. அதிகாரிக்கு இரண்டடி பின்னால், கையில் குடையோடு.

வருவாய் இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. உத்தரவு மேலிருந்து கீழே வாயால் வரும். அறிக்கை கீழிருந்து மேலே எழுத்தாகப் போகும். தாசில்தார் ஜீப்பில் உட்கார்ந்தபடியே கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் ஒரு வார்த்தை சொல்வார். வி.ஏ.ஓ. அதைத் தலையாரியிடம் சொல்வார். அதற்கெல்லாம் துண்டுச்சீட்டுகூடக் கிடையாது. ஆனால் கோப்பு என்று ஒன்று புறப்பட்டுவிட்டால் முதல் கையெழுத்து தலையாரியுடையது, அடுத்தது வி.ஏ.ஓ.வுடையது. அதற்கு மேலே இருக்கிறவர்கள் ‘கீழ்நிலை அறிக்கையின்படி’ என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் யாரோ, மகா கெட்டிக்காரன். தாமோதரனுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். தெரிந்துதான் இருபத்திரண்டு வருடம் கையெழுத்துப் போட்டார்.

குப்பத்துக்கு மேற்கே ஒரு ஏரி. ஐப்பசி கார்த்திகையில் அது நிரம்பி வழியும்போது, அந்தத் தண்ணீரைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஓடை இருந்தது. வருடத்தில் ஒன்பது மாதம் அது வெறும் மணல் பள்ளம். ஆடு மேயும், பிள்ளைகள் கோலி ஆடுவார்கள். மீதி மூன்று மாதம் அது இல்லாவிட்டால் குப்பம் இல்லை. சர்க்கார் வரைபடத்தில் அதற்கு ஓடைப் புறம்போக்கு என்று பெயர். இரண்டு கரையிலுமாகப் பதினொரு அளவைக் கல் நட்டிருந்தார்கள். அந்தக் கற்கள் நிற்கின்றனவா, சாய்ந்துவிட்டனவா, யாராவது பிடுங்கினார்களா என்று வருடா வருடம் நடந்து பார்த்துச் சொல்வது தலையாரியின் வேலை. பதினொன்றில் எந்தக் கல்லில் சர்க்கார் கொத்திய அம்புக்குறி தேய்ந்திருக்கிறது, எது மழைக்கு மழை கொஞ்சம் இறங்குகிறது என்றெல்லாம் தாமோதரனுக்கு மனப்பாடம்.

தொண்ணூற்றைந்தில் ஒரு கம்பெனி ஓடையின் இரண்டு பக்கத்து நிலங்களையும் வாங்கிச் சொகுசு விடுதி கட்ட ஆரம்பித்தது. நடுவில் இந்தப் பள்ளம் அவர்களுக்கு உறுத்தியது. லாரி லாரியாக மணல் கொட்டித் தூர்த்தார்கள்; ஏரிப் பக்கம் ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பினார்கள்; மேலே புல் வளர்த்தார்கள். மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டுக் குப்பத்து ஜனங்கள் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். தாசில்தார் ரவிச்சந்திரன் எல்லாரையும் உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டு, ஆவன செய்வதாகச் சொல்லி அனுப்பினார். அந்த மனிதர் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது.

குப்பத்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்த அமீருக்கு மட்டும் அந்தப் பொறுமையில் நம்பிக்கை வரவில்லை. தாமோதரனைவிட ஏழெட்டு வயது சின்னவர். சின்ன வயதில் இரண்டு பேரும் அந்த ஓடையில் துண்டு விரித்துக் கெண்டை பிடித்தவர்கள். கடற்கரை நிலங்களைப் பற்றி விசாரிக்கச் சட்டசபை ஒரு சிறப்புக் குழு போட்டிருக்கிறது என்று பேப்பரில் படித்துவிட்டு, அமீர் குப்பத்தார் நூற்றுச் சொச்சம் பேரிடம் கையெழுத்து வாங்கி அந்தக் குழுவுக்கு மனு அனுப்பினார். யாரும் எதிர்பாராத வகையில் பதிலும் வந்தது. தொண்ணூற்றேழு பிப்ரவரியில் குழு நேரில் வருகிறது, சத்தியப் பிரமாணத்தின் மேல் சாட்சியம் எடுக்கும் என்று.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஜீப் வந்தது. தாசில்தார் இறங்கவில்லை. வி.ஏ.ஓ. பாலசுப்ரமணியன் ஜன்னல் பக்கம் குனிந்து கேட்டுவிட்டு வந்து, தாமோதரனை வேலமரத்து நிழலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

“மதிலுக்கு வெளியில நாலு கல்லு இன்னும் நிக்குதாம்ப்பா. கமிட்டி கண்ணுல படக் கூடாதாம்.”

“பிடுங்கிட்டு என்னான்னு எழுதறதுங்க?”

“ஓடைன்னு ஒண்ணு ஸ்தலத்துல இல்லன்னு நீ எழுதிக் குடு. அதுக்கு மேல நான் போடறேன்.”

மறுநாள் மத்தியானம், ஆம்பிளைகள் கடலுக்கும் பெண்கள் மீன் விற்கவும் போயிருந்த நேரம், தாமோதரன் இரண்டு கூலியாட்களோடு கடப்பாரை எடுத்துக்கொண்டு போய் நான்கு கற்களையும் பிடுங்கினார். மூன்று, விடுதிக்கு ஜல்லி இறக்க வந்த லாரியில் ஏறிப்போயின. நாலாவதை அவர் மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி சந்திரம்மா துவைக்கிற கல்லு வேண்டுமென்று வருடக் கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல கல்லா கீதே, எங்கய்யா புட்ச்ச?” என்று கேட்டாள்.

“ரோட்டு வேலைல மிச்சம்,” என்றார் தாமோதரன். அம்புக்குறி தரையைப் பார்க்கும்படி கல்லைப் புரட்டிப் போட்டார்.

மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விசாரணை நடந்தது. மேடையில் மணமக்கள் நாற்காலியை எடுத்துவிட்டு நீள மேஜை போட்டிருந்தார்கள். குழுவின் உறுப்பினர்கள் ஒன்பது பேர், தட்டச்சு செய்ய ஒருவர், சுருக்கெழுத்து எழுத ஒருவர். தாசில்தார் முதல் சாட்சி. எழுந்து நின்று, கணீரென்று பிரமாணம் சொல்லி, அந்த இடத்தில் நீர்வழி எதுவும் இல்லை, பருவத்தில் மழைநீர் தேங்கும் பள்ளம் ஒன்று இருந்திருக்கலாம் என்று அழகாகப் பேசினார். ஏழாவது சாட்சி தாமோதரன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் அதையும் இன்னொரு ஆய்வு என்றுதான் நினைத்தார். கலெக்டர் வருவார், மந்திரி வருவார், ஆய்வு செய்வார்கள், பேசியதெல்லாம் வந்த காரோடு போய்விடும். அத்தனை வருட உத்தியோகத்தில் வேறு மாதிரி நடந்து அவர் பார்த்ததில்லை. ஆண்டவன் பெயரால் உண்மையே சொல்வேன் என்று ஒருவர் சொல்லிக்கொடுக்க, இவர் திருப்பிச் சொன்னார். சொல்லும்போதே கண் தாசில்தாரின் பளபளப்பான ஷூவுக்குப் போய்விட்டது. உத்தியோகப் பழக்கம்.

“ஆலிக்குப்பம் எல்லையில் ஓடை இருக்கிறதா?” என்று குழுத் தலைவர் கேட்டார்.

“இல்லீங்க.”

“உங்களுக்குத் தெரிந்து எப்போதாவது இருந்ததா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க.”

“அளவைக் கற்கள்?”

“இல்லீங்க.”

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அமீர் துள்ளி எழுந்தார். “அண்ணாத்த, இன்னா சொல்ற நீ? நீயும் நானும் அதுலதானே மீன் புட்ச்சோம்!” தலைவர் மேஜையைத் தட்டி உட்காரச் சொன்னார். பிறகு எல்லாரும் போய் இடத்தைப் பார்த்தார்கள். பிப்ரவரி மாதம். புல்தரை பச்சைப் பசேலென்று இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. நான்கே மாதத்தில் குழு தன் அறிக்கையைச் சட்டசபையில் வைத்தது. ‘ஓடை என ஒன்று இருந்ததற்குச் சான்றில்லை, கிராம உதவியாளரின் சாட்சியமும் இதை உறுதிசெய்கிறது.’ அதை வைத்து ஊர் வரைபடத்தையும் திருத்தினார்கள். பழைய படம் கேட்டு அமீர் விண்ணப்பித்தபோது, தாள் நைந்துபோய்விட்டதால் நகல் தர இயலாது என்று பதில் வந்தது.

மதில் எழும்பிய பிறகு ஏரி வழிகிற அளவுக்கு மழை அதுவரை பெய்யவில்லை. அந்த வருடம் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஏரி வழிந்து, மதிலில் முட்டி, போக வழியில்லாமல் திரும்பிக் குப்பத்துக்குள் வந்தது. காலை எட்டு மணிக்கு அமீர் வீட்டின் பக்கச் சுவர் ஊறிப்போய் உள்பக்கமாக விழுந்தது. அவருடைய மகள் அர்வா, ஒன்பது வயது, பள்ளிக்கூடம் லீவு என்று உயரக் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே செங்கல் குவியல். தெருவில் ஓடிய இடுப்பளவு தண்ணீரைக் கடந்து முதலில் போய்ச் சேர்ந்தவர் தாமோதரன். செங்கல் செங்கல்லாக எடுத்துப் போட்டுக் குழந்தையை வெளியே இழுத்தவரும் அவர்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது கால் மட்டும் குட்டையாகிவிட்டது.

ஊரில் அவரைப் புகழ்ந்தார்கள். தலையாரி மட்டும் இல்லாவிட்டால் பிள்ளை போயிருக்கும் என்றார்கள். அந்தப் புகழ்ச்சி காதில் விழும்போதெல்லாம் அவர் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவார். அர்வா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கட்டையை ஊன்றிக்கொண்டு கடை வாசலில் நடந்து பழகியதைப் பார்த்த அன்று, வீட்டுக்கு வந்து சந்திரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கல்லைப் புரட்டி அம்புக்குறியைக் காட்டினார். அவள் துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு எழுந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கல்லில் அவள் துணி துவைக்கவில்லை. தெருக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

அமீரிடமும் போய்ச் சொன்னார். கடையில் ஆள் இருக்கும்போதே சொன்னார். அமீர் தராசிலிருந்து கையை எடுக்கவில்லை.

“எங்கிட்ட வந்து சொல்லிகினு கீற. எனக்குத்தான் முன்னயே தெரியுமே. எங்க பொய் சொன்னியோ, அங்க போய்ச் சொல்லு அண்ணாத்த.”

அந்த ஒரு வார்த்தைதான் அடுத்த ஆறு வருடம் தாமோதரனை ஆட்டிவைத்தது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அறிக்கையில் இருக்கிற ‘ஓடை இல்லை’ என்ற வரி அழிய வேண்டும். அழிந்தால் மதிலை உடைக்கலாம், தண்ணீர் போகும். தன்னை என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும். சபாநாயகருக்குத் தன் கையால் நான்கு பக்கம் எழுதினார். தான் பொய்ச்சாட்சி சொன்னது, சொல்லச் சொன்னது யார், கல் பிடுங்கியது எந்த நாள், எந்த நேரம், ஒரு கல் இன்னும் தன் வீட்டில் இருப்பது, எல்லாம் எழுதினார். சட்டசபை சும்மா விடாது, பொய் சொன்னவர்களை நிற்க வைத்துக் கேட்கும் என்று மனதார நம்பினார். பாவம், அந்த நம்பிக்கையில் பாதி பலித்தது.

கடிதம் சபையின் உரிமைக் குழுவுக்குப் போயிற்று. சபையின் குழு முன்பு சத்தியம் செய்து பொய் சொல்வது சபைக்கே செய்த அவமதிப்பு. அதை விசாரிப்பது அந்தக் குழுவின் வேலை. கூப்பிட ஒரு வருடம் ஆனது. அதற்குள் வி.ஏ.ஓ. பாலசுப்ரமணியன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். ரவிச்சந்திரன் பதவி உயர்ந்து வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தார்.

குழு அறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. தாமோதரனிடம் கேட்டார்கள்.

“பொய் என்று தெரிந்தே சொன்னீர்களா?”

“தெரிஞ்சேதாங்க சொன்னேன்.”

“சொல்லச் சொன்னது யார்?”

“தாசில்தார் ஐயாங்க.”

“உங்களிடம் நேரில் சொன்னாரா?”

“வி.ஏ.ஓ.கிட்ட சொன்னாருங்க. அவரு எங்கிட்ட சொன்னாரு.”

“எழுத்தில் ஏதாவது?”

“அப்படியெல்லாம் எழுத மாட்டாங்கய்யா. எப்பவுமே வாயாலதான்.”

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ரவிச்சந்திரன் கோப்போடு வந்திருந்தார். நிதானமாக நாடாவை அவிழ்த்தார். அடியில் தாமோதரனின் கையெழுத்து, அதற்கு மேல் செத்துப்போனவரின் கையெழுத்து, அதற்கு மேல் ‘கீழ்நிலை அறிக்கையின்படி’ என்று தன் கையெழுத்து. “என் கீழே பணிபுரிந்தவர்களை நான் நம்பினேன். அது தவறென்றால் இந்த அவையிடம் வருத்தம் தெரிவிக்கிறேன்,” என்றார். குரல் சற்றுத் தழுதழுக்கக்கூடச் செய்தது. போகும்போது தாமோதரனின் தோளைத் தொட்டு, “உடம்பு நல்லா இருக்கா தாமு?” என்று விசாரித்துவிட்டுப் போனார். தாமோதரனும் பழக்க தோஷத்தில், “இருக்கேங்கய்யா,” என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்லித் தொலைத்தார். அதை நினைத்து நினைத்துப் பிற்பாடு தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

கிராம உதவியாளர் தாமோதரன் அவை உரிமையை மீறினார், அதிகாரி நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டார் என்று குழு முடிவெழுதியது. தொண்ணூற்றொன்பதில் ஒரு காலை, சபைக்கே வரவழைத்தார்கள். மண்டபத்தின் வாசலருகே ஒரு மரத்தடுப்பு. அதற்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும், தாண்டக் கூடாது. அமீர் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். சபாநாயகர் கண்டனத்தை வாசித்தார். புனிதமான பிரமாணத்தை இந்த மனிதர் கேலிக்கூத்தாக்கினார், மக்களின் பிரதிநிதிகளை ஏமாற்றினார், இது மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும். எல்லா உறுப்பினர்களும் மேஜையைத் தட்டினார்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வித்தியாசமே இல்லை. அவர்கள் சேர்ந்து தட்டுவது அபூர்வம் என்று பேப்பர்காரர்கள் மறுநாள் எழுதினார்கள்.

தட்டல் ஓய்ந்ததும் தாமோதரன் கையைக் கூப்பினார். “ஐயா, ஓடை இருந்துச்சுங்கய்யா.”

“பேச அனுமதி இல்லை.”

“பதினோரு கல்லு இருந்துச்சுங்க. ஏரித் தண்ணி இன்னும் ஊருக்குள்ளதான்...”

“இது எதுவும் அவைக் குறிப்பில் ஏறாது,” என்றார் சபாநாயகர். சுருக்கெழுத்து எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். காவலர் ஒருவர் தாமோதரனின் முழங்கையைப் பிடித்தார். மொத்தம் நான்கு நிமிடம் ஆயிற்று. இரண்டு வருடத்துக்கு முன் அவர் சொன்ன மூன்று ‘இல்லீங்க’வும் அச்சேறி, பைண்டு செய்து, அந்தக் கட்டடத்திலேயே ஏதோ ஒரு அலமாரியில் பத்திரமாக இருந்தன. அவர் சொன்ன ஒரு ‘இருந்துச்சு’ எங்கேயும் இல்லை.

வெளியே வந்ததும் நேராக ஊருக்குப் போகவில்லை. விசாரித்து விசாரித்து, அறிக்கைகளைக் கவனிக்கிற பிரிவில் ஒரு அதிகாரியைப் பிடித்தார். நல்ல மனிதர், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

“நான் சொன்னது பொய்யின்னு சபையே சொல்லிடுச்சுங்க. அப்ப அந்த அறிக்கையில கீற வரியும் பொய்தானே? அத அடிச்சிடலாமில்லீங்களா?”

“அது அவையில் தாக்கல் ஆன அறிக்கை. அந்தக் குழுதான் திருத்த முடியும். அந்தக் குழுவோட ஆயுள் முடிஞ்சிடுச்சு.”

“புதுசா ஒரு கமிட்டி போடலாமே?”

“போடலாம்,” என்றார் அதிகாரி. “நீங்க ஒரு மனுக் குடுங்க.”

கொடுத்தார். ஒன்றல்ல, ஏழு மனு. இரண்டாயிரத்தொன்றில் அந்தச் சட்டசபையின் காலமே முடிந்து புதிய சபை வந்தது. பழைய சபையில் நிலுவையில் இருந்தவையெல்லாம் அதோடு காலாவதி என்று ஒரு அச்சடித்த கடிதம் வந்தது. அவருக்குக் கிடைத்த கண்டனம் மட்டும் காலாவதி ஆகவில்லை. அதைக் காரணம் காட்டி இலாகா அவரை வேலையிலிருந்து நீக்கியது. சந்திரம்மா மீன் கூடை தூக்கினாள். தாமோதரன் கடலோர ரோட்டில் ஒரு சவுக்குத் தோப்புக்குக் காவலுக்குப் போனார். மழைக்காலம் தவறாமல் வந்தது. ஒவ்வொரு வருடமும் குப்பத்தில் அறுபது எழுபது வீட்டுக்குள் ஏரி வந்து உட்கார்ந்து போனது.

இரண்டாயிரத்து மூன்றில் அமீரும் குப்பத்தாரும் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். வழக்கு என்னவோ ஒரே ஒரு கேள்வியில்தான் நின்றது, ஓடை இருந்ததா இல்லையா. குப்பத்தார் எத்தனை பேர் சொன்னாலும் அவர்கள் வழக்குப் போட்டவர்கள். ஆதாயம் கருதிச் சொல்வார்கள் என்பார்கள். கல்லுக்குப் பொறுப்பாக இருந்த சர்க்கார் ஆள் ஒருவர் சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தது தாமோதரன் ஒருவர்தான்.

அமீர் தோப்புக்கு வந்து அழைத்தார். இத்தனை வருடத்தில் அவராகத் தேடி வந்தது அன்றைக்குத்தான். “வந்து சொல்லு அண்ணாத்த. இந்த வாட்டியாவது ஏறட்டும்.”

தாமோதரன் அன்றிரவே சட்டை துவைத்துக் காயப்போட்டார். மறுநாள் கொல்லையில் மண்ணில் பாதி புதைந்து கிடந்த கல்லைத் தோண்டி எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, அமீரின் கடை வண்டியில் ஏற்றினார். செங்கல்பட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதன் மேல் கை வைத்துக்கொண்டே போனார். பதினைந்து வயது அர்வாவும் வந்திருந்தாள். சாய்ந்து சாய்ந்து கோர்ட்டுப் படி ஏறினாள்.

கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுத்தார். குப்பத்து வக்கீல் கேட்கக் கேட்க, ஓடையின் நீளம், அகலம், பதினொரு கல்லும் இருந்த இடம், பிடுங்கிய நாள் எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னார். ஆறு வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்ததும், அவருக்கு உண்மையிலேயே மூச்சு விடச் சுலபமாக இருந்தது. நீதிபதி எழுதிக்கொண்டார். யாரும் பேனாவைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

விடுதியின் வக்கீல் ஹர்ஷவர்தன் எழுந்தார். சின்ன வயது, நல்ல கம்பீரமான குரல்.

“இதற்கு முன்பு நீங்கள் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொன்னதுண்டா?”

“உண்டுங்க.”

“அப்போது ஓடை இல்லை என்றீர்கள்.”

“அது பொய்யிங்க.”

“ஆக, ஆண்டவன் பெயரால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லக்கூடியவர் நீங்கள்.” கையில் இருந்த தாளை நீதிபதியிடம் நீட்டினார். “நான் சொல்லவில்லை, கனம் நீதிபதி அவர்களே. சட்டசபை சொல்லியிருக்கிறது. இவர் பொய்ச்சாட்சி என்று ஒட்டுமொத்த அவையும் கண்டித்திருக்கிறது. அதே சட்டசபையின் குழுதான், ஓடை இல்லை என்றும் அறிக்கை தந்திருக்கிறது. அந்த அறிக்கை இன்றுவரை திருத்தப்படவில்லை.”

“அந்த அறிக்கையே நான் சொன்ன பொய்யாலதாங்க வந்துது!” தாமோதரன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “கல்லு கீதுங்க. வெளிய வண்டில கீது. வந்து பாருங்க.”

கல்லை இரண்டு பேர் தூக்கிவந்து வைத்தார்கள். ஹர்ஷவர்தன் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“அளவைக் கல்தான், மறுக்கவில்லை. இந்தக் கல் எங்கே நின்றது?”

“ஓடைக் கரையிலங்க.”

“அதைச் சொல்வது யார்?”

“நான்தாங்க.”

“நீங்கள்,” என்றார் ஹர்ஷவர்தன். வேறெதுவும் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

புரட்டாசி மூன்றாவது வாரம் தீர்ப்பு வந்தது. முன்னர் பொய்ச்சாட்சிக்காகக் கண்டிக்கப்பட்டவரின் சாட்சியத்தை நம்பி, அவையில் தாக்கல் செய்யப்பட்ட அறிக்கையைப் புறந்தள்ள இயலாது. வழக்குத் தள்ளுபடி. கல்லை எடுத்துக்கொண்டு போகும்படி கோர்ட்டு ஊழியர் சொன்னார். நடைபாதையில் இடைஞ்சலாக இருக்கிறதாம்.

கல்லை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் ஊருக்குத் திரும்பினார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அர்வாதான் வாயைத் திறந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஒரு கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி கேட்டாள்.

“பெரியப்பா, நீங்க அன்னிக்கு லெட்டர் எழுதாம சும்மா இருந்திருந்தா, பொய்ச்சாட்சின்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப நீங்க சொன்னத கோர்ட்டுல நம்பியிருப்பாங்க இல்ல?”

“சும்மா இரு அர்வா,” என்றார் அமீர். ஆனால் அவரும் தாமோதரனின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். தாமோதரன் கல்லின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எங்கே பொய் சொன்னியோ அங்கே போய்ச் சொல்லு என்றார்கள், போய்ச் சொன்னார். பொய் சொன்னவனைத் தண்டித்தார்கள். பொய்யை வைத்துக்கொண்டார்கள். ஒரு மனிதன் இதற்கு மேல் எங்கே போய்ச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

குப்பத்துக்கு வந்ததும் அமீர் கடைக்குள் போய் அரிசி மூட்டைகளைப் பரண் மேல் ஏற்ற ஆரம்பித்தார். ஐப்பசிக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. தாமோதரன் கல்லைக் கொல்லையில் பழைய இடத்திலேயே இறக்கிப் போட்டார்.

“இன்னாய்யா சொன்னாங்க?” என்றாள் சந்திரம்மா.

“கல்லுன்னு சொன்னாங்க.”

சந்திரம்மா உள்ளே போய் அழுக்குத் துணியை வாளியோடு எடுத்துவந்தாள். ஆறு வருடமாகத் தொடாத கல்லின் மேல், அவர் கோர்ட்டுக்குப் போட்டுப்போன சட்டையை முதலில் நனைத்து வைத்துத் துவைக்கத் தொடங்கினாள்.